புவனகிரியில் என்ன வாங்கலாம்?

கியோட்டோ போய்த் திரும்பும் ஜப்பானியர், இலவங்கப்பட்டை மணக்கும் யாட்சுஹாஷி என்ற இனிப்புப் பெட்டியைச் சக ஊழியர்களுக்குக் கொடுப்பார். போன ஊரின் ருசியைப் பகிர்வது அங்கே எழுதாத கடமை. அழகான பழக்கம்!

நம் பக்கம், சிதம்பரத்துக்கு வருபவர்கள் ஊர் நினைவாகச் சின்ன நடராஜர் சிலை வாங்குகிறார்கள். நல்லதுதான், ஆனால் அது சென்னையிலும் கிடைக்கும். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, ராகவேந்திரர் பிறந்த புவனகிரி வரை போய் மிதிபாகற்காய் கேளுங்கள். பந்தல் வேண்டாம், தரையிலேயே படரும் கொடி. காய் குட்டையாக, முள் முள்ளாக, கட்டைவிரல் அளவே இருக்கும். விதையோடு எண்ணெயில் முறுக வதக்கிப் புளிக்குழம்பில் போட்டால், கசப்பு நாக்கில் நின்று மெல்ல இனிப்பாக மாறும். தூரம் போகிறவர்கள் வற்றலாக எடுத்துப் போகலாம், மாதக்கணக்கில் கெடாது. என் உறவினர்களுக்கு நான் கொடுக்க விரும்புவது இதைத்தான்.