பாலம் வீழ்ந்தது, பாடம் பிழைத்தது!

பொறியியல் எழுத்தில் இரு வகை உண்டு. வல்லுநர் வல்லுநருக்கு எழுதுவது ஒன்று. மக்களுக்கு எழுதுவது மற்றொன்று. முன்னதில் சமன்பாடு ஆட்சி செய்கிறது. பின்னதில் உவமை ஆட்சி செய்கிறது. முன்னது கசக்கிறது, ஆகவே அது உண்மை. பின்னது இனிக்கிறது, ஆகவே அது பொய் என்று தீர்ப்புரைப்போர் உளர். தீர்ப்பு சரிதானா? ஒரு பாலத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்.

அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், டகோமா நீரிணையின் மீது கட்டப்பட்ட தொங்கு பாலம் 1940 சூலை 1 இல் திறக்கப்பட்டது. அதன் நடுக்கண்ணின் நீளம் 2,800 அடி. அகலமோ 39 அடிதான்! அதே ஆண்டு நவம்பர் 7 இல், மணிக்கு ஏறத்தாழ 42 மைல் வேகத்தில் வீசிய காற்றில் அது முறுக்கி முறுக்கி ஆடியது, அறுந்தது, நீரில் வீழ்ந்தது.

மறு ஆண்டே வல்லுநர் மூவரின் அறிக்கை வெளிவந்தது. மக்களிடம் பரவியதோ வேறொரு கதை. ஊஞ்சலைத் தாளம் தவறாது தள்ளினால் ஆட்டம் பெருகும் அன்றோ? அவ்வாறே காற்றும் பாலத்தைத் தள்ளியதாம்; ஒத்ததிர்வு அதனை வீழ்த்தியதாம்! அழகிய உவமைதான். ஆனால், வீசிய காற்று சீரான காற்று. தாளத்தோடு தள்ளிய கை எங்கே?

காற்றில் எழுந்த சுழல்களே அந்தக் கை என்றனர். அதனை 1941 அறிக்கையே நம்பவில்லை. 1991 இல் பில்லா, ஸ்கேன்லன் எனும் அறிஞர் இருவர் 'அமெரிக்க இயற்பியல் இதழில்' கணக்கைப் பிரித்து வைத்தனர். சுழல்களின் தாளம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று. பாலத்தின் முறுக்கமோ ஐந்து நொடிக்கு ஒன்று. இரண்டும் பொருந்தவில்லை! உண்மையில், பாலத்தின் முறுக்கமே காற்றின் அழுத்தத்தை மாற்றியது. மாறிய அழுத்தம் முறுக்கத்தை வளர்த்தது. ஆட்டமே ஆட்டத்துக்குத் தீனி போட்டது!

அவர்கள் பிழை கண்டது எங்கே? கல்லூரிப் பாடநூல்களில்! ஊஞ்சல் உவமைக்குச் சமன்பாட்டுச் சட்டை அணிவித்தனர். பிழை பேராசிரியர் ஆகிவிட்டது. ஆக, குற்றவாளி எளிமையன்று. காரணத்தை எளிதாக்கலாம், மாற்றலாகாது. இதுவே அளவுகோல்.

இவ்வளவுகோலுக்கு நிற்கும் எளிய எழுத்து உண்டா? உண்டு. ஜே. ஈ. கார்டன் 1978 இல் வெளியிட்ட 'ஸ்ட்ரக்சர்ஸ்' நூல் அத்தகையது. பொருளில் உள்ள விரிசல் எப்போது பாய்ந்தோடும் என்பதை 1921 இல் கிரிஃபித் தம் ஆய்வுரையில் கணித்துக் காட்டினார். கார்டன் அதனை வரவு செலவாக்கித் தருகிறார். இழுபட்ட பொருளில் தேங்கிய ஆற்றல் விடுபடுவது வரவு. புதிய உடைபரப்பை உண்டாக்குவது செலவு. விரிசல் சிறிதாயின் செலவு மிகும், அது நிற்கும். எல்லை நீளத்தைத் தாண்டினால் வரவு மிகும், அது ஓடும். இங்கே உவமை காரணத்தை மறைக்கவில்லை, சுமந்து வருகிறது.

அந்நூலில் ஒரு கப்பற் சமையற்காரர் வருகிறார். அடுக்களைத் தளத்தில் விரிசல் கண்டார்; மேலதிகாரிகளிடம் சொன்னார். "கவலை வேண்டா" என்றனர். விரிசல் வளர வளர, அதன் நுனியில் தேதியிட்டு வந்தார். கப்பல் இரண்டாய்ப் பிளந்தது! மீட்கப்பட்ட பாதியில் அவர் எழுதிய தேதிகள் இருந்தன. வல்லுநர்க்கு அவையே சான்றாயின.

கார்டனை மட்டும் படித்துக் கப்பல் கட்ட இயலாது. அதற்குக் கிரிஃபித்திடம் செல்ல வேண்டும். ஆனால், கப்பல் கட்டுவோரைக் கேள்வி கேட்க இயலும். ஆய்வெழுத்து கட்டுவோர் கைக்குக் கருவி. மக்கள் எழுத்து கேட்போர் நாவுக்குக் கருவி. இரண்டும் வேண்டும்.

அணையும் பாலமும் உலையும் மக்கள் பணத்தில் எழுகின்றன. சரிந்தால் மக்கள் தலைமீதே சரிகின்றன. புரியாத சமன்பாட்டை வணங்குவதும், புரிந்ததுபோல் தோன்றும் உவமையை நம்புவதும் ஒரே மூடத்தனத்தின் இரு முகங்கள். எனவே, இளைஞர்களே, இனிய உவமையைக் கண்டதும் கைதட்டாதீர். தள்ளிய கை எங்கே எனக் கேளுங்கள்!