மரக் கணக்கின் ஊசலாட்டத்தை ரசிப்பது எப்படி?

மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையையொட்டி, செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தைச் சேர்ந்த ராஜீவ கரந்திகரும் பி. வி. ராவும் 2018இல் வெளியிட்ட நூல், தற்செயலாக அசையும் அளவுகளை ஆராயும் நுண்கணிதத்தைப் பற்றியது. குறித்த நாளில் குறித்த விலைக்குப் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷனுக்கு விலை காணும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் நிற்பது அந்த நுண்கணிதத்தின் மேல்தான். அதே விலையைப் பள்ளிக்கூடப் பெருக்கலாலேயே நெருங்கும் வழியைக் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் ஆகியோர் 1979இல் வகுத்தனர்: ஒவ்வொரு படியிலும் பங்கு விலை குறித்த ஒரு விகிதத்தில் ஏறும் அல்லது இறங்கும் என்று கொண்டு கணுக்களின் மரத்தை வரைந்து, கடைசிக் கணுக்களில் கிடைக்கும் ஆதாயத்தை நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டியபடி பின்னோக்கி வந்தால் இன்றைய விலை கிடைத்துவிடும்.

ரசிக்க வேண்டியது அந்த விலையை அல்ல, அது உண்மையை நெருங்கும் விதத்தை. பங்கின் இன்றைய விலையும், வாங்குவதற்குக் குறித்த விலையான உரிமை விலையும் 100 ரூபாய், ஆண்டு ஏற்ற இறக்கம் 20 விழுக்காடு, வட்டி இல்லை, தவணை ஓராண்டு என்றால், வாங்கும் உரிமைக்குச் சூத்திரம் தரும் விலை 7.97 ரூபாய். மரமோ ஒரு படியில் 9.97, இரண்டில் 7.06, மூன்றில் 8.64, நான்கில் 7.49 என்று கடிகார ஊசல்போல் மேலும் கீழும் ஆடுகிறது. இரட்டைப்படை எண்ணிக்கையில் ஒரு கடைசிக் கணு சரியாக 100இல் விழுவதும், ஒற்றைப்படையில் 100 இரு கணுக்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வதுமே இதற்குக் காரணம். ஆகவே இந்தப் பிழை ஒழுங்கற்றதல்ல. மூன்று, நான்கு படிகளின் சராசரியே 8.06 ஆகி, பிழை பத்துப் பைசாவுக்குள் அடங்கிவிடுகிறது. படிகளை இரட்டித்தால் பிழை ஏறத்தாழ பாதியாகும் என்பதால், படிகளைக் கண்மூடித்தனமாகக் கூட்டுவதைவிட இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்வதே மலிவு. 1996இல் லைசனும் ரைமரும் உரிமை விலையை மையத்தில் நிறுத்தி மரத்தையே மாற்றி வளர்த்து, ஆட்டத்தை அடக்கினர்.

இந்தப் புரிதல் சூத்திரமே இல்லாத ஆப்ஷன்களுக்கும் கைகொடுக்கும். தேசியப் பங்குச் சந்தையில் 2001இல் அறிமுகமான தனிப் பங்கு ஆப்ஷன்கள், முடிவு நாளுக்கு முன்பே பயன்படுத்தக்கூடிய அமெரிக்க வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. 2011 ஜனவரியில்தான் அவை முடிவு நாளில் மட்டும் செல்லும் ஐரோப்பிய வகையாயின. அமெரிக்க வகையில் விற்கும் உரிமைக்கு எளிய சூத்திரம் கிடையாது. மரத்தில் ஒவ்வொரு கணுவிலும் இப்போதே விற்பதையும் காத்திருப்பதையும் ஒப்பிட்டுப் பெரியதை எழுதினால் போதும். சரிபார்க்கச் சூத்திரம் இல்லாத அந்த இடத்தில், அடுத்தடுத்த இரு படி எண்ணிக்கைகள் தரும் விடைகளுக்கு இடைப்பட்ட தூரமே பிழை எவ்வளவு இருக்கும் என்று காட்டும் முதல் குறிப்பு.