நகலும் மகவும்

கரும்புக் கரணையை நட்டுப் பயிராக்கும் உழவர் எவரும் அதனை அறிவியல் வியப்பு என்று கருதுவதில்லை. பாகூர் ஏரிப் பாசனத்திலும் வில்லியனூரைச் சூழ்ந்த ஊர்களிலும் கரும்புக் கரணையும் வாழைக் கட்டையும் தாய்ப்பயிரின் மறுபதிப்பாகவே மண்ணுக்குள் செல்கின்றன. சவுக்கிலும் 'குளோன் சவுக்கு' என்ற பெயரோடே நாற்றுகள் விற்பனைக்கு வருகின்றன. 'குளோன்' என்னும் சொல்லே சிறுகிளை, தளிர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததாகும். ஆகவே, படியாக்கம் என்பதே பாவம் என்று நாம் நம் கொம்யூன் மக்களிடையே மறையுரையில் முழங்குவோமாயின், கரும்பு பயிரிடும் முதியவர் ஒருவர் கோயில் வாசலில் நம்மை நிறுத்தி, "அப்படியானால் நான் செய்வது என்ன சாமி?" என்று கேட்பது உறுதி. அவருக்கு நேர்மையான விடை தர வேண்டிய கடமை நமக்கு உண்டு.

ஆடுமாடுகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் 'டாலி' என்னும் செம்மறியாடு 1996 ஜூலை 5 அன்று பிறந்தது. 1997 பிப்ரவரியில் அச்செய்தி வெளியானபோது உலகம் கலங்கியது. நம் நாட்டில், அரியானா மாநிலத்துக் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் 2009 பிப்ரவரியில் இம்முறையில் ஓர் எருமைக்கன்றைப் பிறப்பித்தது. அக்கன்று சில நாட்களே உயிர் வாழ்ந்தது. அவ்வாண்டு ஜூனில் பிறந்த 'கரிமா' இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக வாழ்ந்தது. 2010 ஆகஸ்டில் பிறந்த இரண்டாம் கரிமாவோ வளர்ந்து, சினை ஊசியால் கருவுற்று, 2013 ஜனவரியில் 'மகிமா' என்னும் கன்றை ஈன்றது. 2023 மார்ச் 16 அன்று 'கங்கா' என்னும் கிர் இனப் பசுக்கன்று அதே நிலையத்தில் பிறந்தது.

விடியலில் பாண்லே சங்கத்திற்குப் பால் ஊற்றும் நம் குடும்பங்களில் எவரும் இச்செய்திகளைக் கேட்டு அஞ்சவில்லை. கறவை கூடுமா, விலை கட்டுமா என்பவையே அவர்களுடைய வினாக்கள். திருச்சபையும் இங்கே அஞ்சவில்லை என்பதை நம்மில் பலர் அறிந்திலர். வாழ்வுக்கான திருப்பீடக் கழகம் 1997-இல் வெளியிட்ட சிந்தனைகளில், மெய்யான தேவை இருக்குமாயின், விலங்கைப் பேணும் நெறிகளும் உயிரினங்களின் பன்மையும் மதிக்கப்படுமாயின், தாவர விலங்குப் படியாக்க ஆய்வுக்கு இடமுண்டு என்றே கூறியது. விலை இல்லாமற் போகவில்லை. டாலி என்னும் ஓர் ஆட்டுக்குட்டிக்காக 277 முட்டையணுக்கள் கருவாக்க முயற்சிக்கு உட்பட்டன. அந்த ஆடும் நுரையீரல் நோயுற்று, 2003 பிப்ரவரியில் ஆறு வயதில் கருணைக்கொலை செய்யப்பட்டது. விலங்கைத் தேவையின்றித் துன்புறுத்துதல் மனித மாண்பிற்கே இழுக்கு என்னும் மறைக்கல்வியின் போதனை இந்த ஆய்வுக்கூடங்களுக்கும் உரியதே.

எனினும் நம் கவலை வேறிடத்தில் உள்ளது. காளைக்கன்று பிறந்தால் முகம் வாடுவதும் கிடேரி பிறந்தால் மகிழ்வதும் தொழுவத்தில் இயல்பு. வேண்டிய வகையில் வேண்டிய கன்று என்னும் அவ்விருப்பம் தொழுவத்தைத் தாண்டி வீட்டிற்குள் நுழைந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என அறிந்து பெண்ணை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது. தொழுவத்தில் ஆணைத் தள்ளினோம். வீட்டில் பெண்ணைத் தள்ளினோம். தேர்ந்தெடுக்கும் கை ஒன்றுதான்.

மனிதப் படியாக்கத்திற்கு எதிராக நம்மவர் வழக்கமாக முன்வைக்கும் வாதங்கள் இரண்டு. இறைவனின் வேலையை மனிதன் பறிக்கிறான் என்பது முதலாவது. அம்மை குத்தியபோதும் இதே வாதம் எழுந்தது. அறுவை மருத்துவத்திலும் மழைக்கணிப்பிலும் நமக்குத் தோன்றாத அச்சம் இங்கு மட்டும் தோன்றுமாயின், அதற்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும். அவ்வாறு பிறக்கும் மனிதனுக்கு ஆன்மா இராது என்பது இரண்டாவது. இது வலுவற்றது மட்டுமன்று, தவறானதும் கூட. ஒரே கருவினின்று பிரிந்து பிறக்கும் இரட்டையர் இயற்கையே ஆக்கிய படிகள் அல்லரோ? அவர்களை நாம் இரு பெயரிட்டு, இருமுறை நீரூற்றித் திருமுழுக்காட்டுகிறோம். படியாக்கத்தால் ஒரு குழந்தை பிறந்து நம் பங்கின் திருமுழுக்குத் தொட்டிக்குக் கொண்டுவரப்படுமாயின், மறுக்க எந்தக் குருவானவருக்கும் உரிமையில்லை. அக்குழந்தைக்கு ஆன்மா இல்லை என்போர், அதனைத் திருச்சபையினின்று மட்டுமன்றி மனித இனத்தினின்றே விலக்கிவிடுகின்றனர். விலக்கப்பட்டவனைப் பிறர் என்ன செய்யினும் கேட்பாரிலர்.

இந்த ஆபத்தை எந்த இறையியல் நூலினும் கூர்மையாக நமக்கு உணர்த்திய நூல் ஒரு புதினமே. காசுவோ இஷிகுரோ 2005-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'நெவர் லெட் மீ கோ' என்பது அது. 'என்னை ஒருபோதும் விட்டுவிடாதே' என்று பொருள்படும். ஆசிரியர் 1954-இல் நாகசாகியில் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்து சென்று வளர்ந்தவர். 2017-இல் நோபல் பரிசு பெற்றவர். (1597-இல் இருபத்தாறு மறைசாட்சியர் சிலுவையில் மடிந்த நகர் நாகசாகி என்பது நம் வாசகர்க்கு நினைவிருக்கும். ஆயினும் ஆசிரியர் அந்த மரபில் நின்று எழுதுபவராகத் தோன்றவில்லை.)

கதையைச் சொல்பவள் கேத்தி என்னும் 31 வயதுப் பெண். ஹெயில்ஷாம் என்னும் உறைவிடப் பள்ளியில் டாமி, ரூத் என்னும் தோழர்களோடு வளர்ந்தவள். நல்ல பள்ளிதான். விளையாட்டு உண்டு, ஓவியம் உண்டு, அன்பான ஆசிரியைகள் உண்டு. பெற்றோர் மட்டும் எவருக்கும் இலர். அக்குழந்தைகள் அனைவரும் யாரோ சிலரின் நகல்கள். வளர்ந்தபின் தம் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிறர்க்கு அளித்து இளமையிலேயே மடிவதற்காக உண்டாக்கப்பட்டவர்கள். இதனை அவர்கள் முழுமையாக அறியாமலும், முற்றிலும் அறியாதவராக இல்லாமலும் வளர்கின்றனர்.

நூலில் ஆய்வுக்கூடமே இல்லை. எந்த முறையில் நகலெடுத்தனர், எவர் கண்டுபிடித்தனர் என்பன சொல்லப்படவில்லை. அறிவியல் புனைகதை விரும்புவோர் இதனைக் குறையாகக் கூறலாம். நாம் இதனை ஆசிரியரின் நிதானம் என்போம். கண்ணாடிக் குடுவையைப் பார்த்து நடுங்கும் வாசகன், குடுவைக்கு அப்பால் நடப்பதைப் பார்க்கத் தவறுவான். இங்கே தீமை பள்ளிச் சீருடையிலும் மருத்துவமனைப் படுக்கையிலும் பேச்சு வழக்கிலும் குடிகொண்டிருக்கிறது. உறுப்பைப் பறிப்பதற்கு அங்கே 'கொடை' என்று பெயர். மூன்றாம் கொடையிலோ நான்காம் கொடையிலோ ஒருவர் இறப்பதற்கு 'நிறைவுறுதல்' என்று பெயர். கொடுப்பவன் மறுக்க இயலாதபோது அது எவ்வாறு கொடையாகும் என்று எவரும் கேட்பதில்லை.

இச்சொற்களைத் தமிழர் நாம் அயலாருடையவை என்று ஒதுக்க இயலாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வாழ்விழந்து சென்னை எர்ணாவூர் குடியிருப்பில் தங்க வைக்கப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் பலர், வறுமையால் தம் சிறுநீரகத்தை விற்றனர் என்னும் செய்தி 2007 ஜனவரியில் வெளிவந்தது. உறுப்பு வணிகத்தைத் தடுக்கும் சட்டம் 1994-இலேயே இயற்றப்பட்ட நாட்டில் இது நிகழ்ந்தது. பணத்திற்காக உறுப்பிழப்பவரும் தாளில் 'கொடையாளர்' என்றே எழுதப்படுவார். நகல் மனிதரை உண்டாக்கும் செலவுகூட இல்லாமல், ஏழையின் உடலைக் கிடங்காக்கும் வித்தையை நாம் முன்னரே கற்றிருக்கிறோம்.

கேத்தியும் அவள் தோழரும் ஏன் தப்பி ஓடவில்லை என்பது இந்நூலைப் படித்த பலரும் எழுப்பும் வினா. வேலியில்லை, காவலில்லை, வண்டியோட்டத் தெரியும். இருந்தும் ஓடவில்லை. இதனை நம்பத்தகாதது என்போர், பண்ணையடிமை முறையின் நினைவு இன்னும் அகலாத சேரிகளில் ஒருநாள் தங்கிப் பார்க்கட்டும். இதற்கென்றே பிறந்தவன் நீ என்று பாலோடு புகட்டப்பட்டவனுக்கு வேலி தேவையில்லை.

நூலின் உச்சம் ஓவியங்களைப் பற்றியது. மாணவர் தீட்டும் சிறந்த படங்களை ஓர் அம்மையார் பள்ளிக்கு வந்து எடுத்துச் செல்வார். அதன் காரணம் பிற்பகுதியில் தலைமையாசிரியை வாயிலாக வெளிப்படுகிறது: இக்குழந்தைகளுக்கும் ஆன்மா உண்டு என்று உலகிற்கு மெய்ப்பிக்கவே அவை திரட்டப்பட்டன. நல்லெண்ணம் கொண்டவர்களின் செயலே இது. ஆயினும் நமக்கு நூலில் மிகக் கொடிய இடம் இதுவெனவே படுகிறது. படம் நன்றாக அமையாத குழந்தையின் கதி என்ன? டாமி சிறுவனாயிருந்தபோது அவனுக்கு ஓவியம் வரவில்லை. அதற்காகவே மற்றவர் அவனை எள்ளினர். நம் பங்குகளில் பேச்சு வராத, பென்சில் பிடிக்க இயலாத குழந்தைகள் இருக்கின்றனர். நற்கருணை வரிசையில் தாயின் தோளில் சாய்ந்து வரும் அவர்களிடம் எவரும் சான்று கேட்பதில்லை. திறமையைக் கொண்டு மாண்பை அளக்கப் புகுந்த அந்தப் பள்ளி, தன்னை எதிர்ப்போரின் அளவுகோலையே கையில் எடுத்துவிட்டது.

நீசேயா விசுவாச அறிக்கை, செனிப்பிக்கப்படுதல் வேறு, உண்டாக்கப்படுதல் வேறு எனப் பிரித்துக் காட்டுகிறது. அது இறைமகனைப் பற்றிய கூற்றாதலால் மனிதப் பிறப்பிற்கு நேரே பொருத்துவதில் இறையியலார்க்குத் தயக்கம் உண்டு. ஆயினும் அவ்விரு சொற்களின் இடைவெளி நமக்கு வழிகாட்டுகிறது. உண்டாக்கப்படும் பொருளுக்கு அளவும் பயனும் முன்கூட்டியே குறிக்கப்படுகின்றன, பொருந்தாவிடில் தள்ளப்படும். பிறக்கும் மகவோ பெற்றோருக்கும் புதியது. அது யாரென்று அவர்களும் காத்திருந்தே அறிய வேண்டும். கரும்புக்கார முதியவர்க்கு நாம் தரும் விடையும் இதுவே: கரணை ஒரு பயனுக்காக நடப்படுகிறது, அதில் தவறில்லை, மகவு அவ்வாறு நடப்படலாகாது.

டாலி பிறப்பதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே, 1987-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'தோனும் வீத்தே' மனிதப் படியாக்கத்தை மறுத்தது. 2008-இன் 'திக்னித்தாஸ் பெர்சோனே' ஒருபடி மேலே சென்றது. குழந்தை பெறுவதற்கான படியாக்கத்தினும், கருவை உருவாக்கி அதன் உயிரணுக்களை மருந்திற்கென எடுத்து அழிக்கும் மருத்துவப் படியாக்கமே கொடியது என்பது அதன் தீர்ப்பு. உலகத்தின் தராசு இதற்கு நேர்மாறானது. 2005 மார்ச் 8 அன்று ஐ.நா. பொதுப்பேரவை, மனிதப் படியாக்கம் அனைத்தையும் தடை செய்யக் கோரும் அறிக்கையை 84-க்கு 34 என்னும் வாக்குகளால் ஏற்றது. 37 நாடுகள் நடுநிலை வகித்தன. மருத்துவப் படியாக்கத்திற்கு வாயில் திறந்திருக்க வேண்டும் என்னும் நிலையிலிருந்த இந்தியா எதிர்த்து வாக்களித்தது. குழந்தை பிறப்பிக்கும் படியாக்கத்தை மட்டும் நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு உயிரணு ஆய்வு நெறிமுறைகள் தடுக்கின்றன.

ஐந்து நாட்கள் ஆன கருவும் கேத்தியும் ஒன்றாகுமா என்று நண்பர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான்; நம் இந்து, இசுலாமியச் சகோதரரும் மருத்துவர் பலரும் இதில் நம்மோடு உடன்படுவதில்லை. எனினும் பிறருக்கு மருந்தாவதற்கென்றே ஒரு மனித உயிரைத் தொடங்கிவைப்பது என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது. ஜப்பானின் யாமனாக்கா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் தோல் உயிரணுக்களையே பின்னோக்கித் திருப்பிக் காட்டியபின், கருவை அழித்தே தீர வேண்டும் என்னும் வாதமும் பெரிதும் தளர்ந்தது.

இவ்வாதங்களால் ஆறாத ஒரு துயரமும் உண்டு. மகனைப் பறிகொடுத்த தாய்மார் நம்மிடம் வருகின்றனர். அயல்நாடுகளில் இறந்த வளர்ப்பு நாயைப் படியாக்கித் தருகிறார்களாமே, என் பிள்ளையை அவ்வாறு திருப்பித் தர இயலாதா என்று அவர்களுள் ஒருவர் கேட்டால், சட்ட நூலைக் காட்டுவது கொடுமை. வந்து சேர்பவன் அவனாக இரான். காலந்தாழ்த்திப் பிறந்த இரட்டைத் தம்பியாகவே இருப்பான். அண்ணனைப் போல் சிரிக்கவில்லை என்று வாழ்நாளெல்லாம் குற்றஞ்சாட்டப்படுவான். நம் முன்னோர் இத்துயரத்திற்கு வேறோர் ஏற்பாடு செய்தனர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் 'பெயரன்'. பெயரை மட்டும் திரும்பத் தந்து, ஆளைப் புதியவனாக விட்டுவிடும் வழக்கம் அது. எத்தனையோ வீடுகளில் அதுவே போதுமாயிருந்தது; போதாத வீடுகளும் உண்டு.

நூலின்பால் நமக்குள்ள மனக்குறையையும் கூறிவிடுவோம். இந்நூலில் எவரும் செபிப்பதில்லை. இறைவனை ஆசிரியர் மறுக்கவுமில்லை, அவ்வினாவையே எழுப்பவில்லை. 'நிறைவுற்ற' எவருக்கும் அடக்கச் சடங்கு காட்டப்படவில்லை, கல்லறை இல்லை. டாமி இறந்தபின் கேத்தி நார்ஃபோக்கின் வயல்வெளியில், குப்பைக் காகிதங்கள் சிக்கிய கம்பி வேலியருகே சற்று நின்றுவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விடுகிறாள். நவம்பர் 2 அன்று வில்லியனூர்க் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரியோடு நின்று பழகிய நமக்கு அப்பக்கத்தைக் கடப்பது கடினமாயிருந்தது. டாமியின் பெயரைத் திருப்பலிக் கருத்தில் சேர்க்கச் சொல்ல அவனுக்கு ஒருவரும் இல்லை.