என்ட்ரோபியும் ஒடுக்கமும்

வெப்பவியலார் கூறும் என்ட்ரோபிப் பெருக்கமே சைவநூல்கள் கூறும் ஒடுக்கம் என்றும், எனவே சித்தாந்தத்தை மேனாட்டு அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்றும் பேசுவார் உளர். கேட்டற்கு இனிய இக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்குமா என்பது காணற்பாலது.

என்ட்ரோபி என்பது 1865-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் கிளாசியஸ், மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ஆக்கிய பெயர். அதனை ஒழுங்கின்மை என்று மட்டும் பெயர்த்தல் சாலாது. என்னையெனின், அது கண்ணுக்குத் தோன்றும் அலங்கோலத்தைக் குறிப்பதன்று; ஆற்றல் எத்துணைப் பரவியுளது என்பதனை அளப்பதாகலின் என்க.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சேலத்தை அடுத்துச் சேர்வராயன் மலையடியில் உள்ளது குப்பனூர். ஏற்காட்டினின்று அவ்வழியே இறங்கும் பேருந்தின் நிறையில் ஒரு கிலோகிராம், 1000 மீட்டர் இறங்குங்கால் ஏறத்தாழ 9,800 ஜூல் ஆற்றலை இழக்கும். அவ்வாற்றல் பிரேக்கையும் பொறியையும் சூடேற்றி, முடிவிற் காற்றிற் கலக்கும். காற்றின் வெப்பநிலை 300 கெல்வின் எனக் கொள்ளின், 9,800-ஐ 300-ஆல் வகுக்க, என்ட்ரோபிப் பெருக்கம் ஏறத்தாழ 33 அலகாம். ஆற்றல் அழிந்திலது, ஆயினும் பரவிய அவ்வெப்பம் தானே திரண்டு பேருந்தை மீண்டும் மலையேற்றாது. இம்மீளாமையே ஈண்டு அறியற்பாலது.

இனி, ஒடுக்கமாவது காரியம் தன் காரணத்தில் அடங்குதல். மாயையினின்று தோன்றிய உலகம் மாயையில் ஒடுங்கி மீளவும் தோன்றும் என்பதும், அவ்வொடுக்கம் உயிர்களின் இளைப்பொழித்தற்பொருட்டு இறைவன் செய்வது என்பதும் சித்தாந்தத் துணிபு. எனவே ஒடுக்கத்திற்கு மீட்சியும், செய்வோனும், பயனும் உள. வெப்பவியலார் விதியோ உயிரையும் இறைவனையும் பற்றி யாதும் கூறுவதன்று. மீட்சி தானே நிகழாது என்பதே அதன் உயிர்நிலை.

அற்றேல், இரண்டும் உலகப்பொருள்களின் தேய்வைக் கூறலின் ஒன்றாகாவோ எனின், ஆகா. வெளித்தொடர்பற்ற முழுத்தொகுதியின் என்ட்ரோபி குறையாது என்பதே விதி. அதன் ஒரு பகுதியிற் குறைதல் கூடும். சேர்வராயன் மலைக்காப்பிச் செடி கதிரவன் ஒளியை ஏற்று, காற்றையும் நீரையும் இலையும் கனியுமாக அமைத்துக்கொள்ளுதல் அவ்விதிக்கு முரணன்று. சூழலில் நிகழும் பெருக்கம் அக்குறைவினும் மிகுதியாகலின். ஆகவே எல்லாம் தேய்ந்தே தீரும் என்பது அவ்விதியின் பொருளன்று.

அளவையால் நிறுவப்பெற்ற கொள்கைக்குப் பொருந்தாச் சான்று தேடுதல் அரண் செய்வதன்று. நாளை அச்சான்று வீழுங்கால் கொள்கையும் வீழ்ந்ததெனப் பிறர் நகைத்தற்கே இடனாம். என்ட்ரோபியை வெப்பநூலிலும் ஒடுக்கத்தை மெய்கண்ட நூல்களிலும் முறையாக ஓதியுணர்தலே இருநூற்கும் செய்யும் நேர்மையாம்.