போரின் முகமும் போரின் காரணமும்: ஜான் கீகனின் வரலாற்று நெறி

போர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் படைத்தலைவன் நின்ற மேட்டின்மீது நின்றே களத்தை நோக்குவர். களத்தினுள் நின்று பொருதவன் யாது கண்டான் என்னும் வினா அவர்பால் அரிதாகவே எழும். அவ்வினாவை முதன்மையாக்கியதே ஆங்கில வரலாற்றாசிரியர் ஜான் கீகனின் (1934–2012) தனிச்சிறப்பு. அந்நெறியின் ஆற்றலையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

இளமையில் எலும்பைப் பற்றிய காசநோயால் கால் ஊனமுற்ற கீகன் படையிற் சேர இயலாதவரானார். ஆயினும் 1960 முதல் 1986 வரை சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் போர் வரலாறு கற்பித்தார். போரைக் காணாத ஆசிரியன், போருக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கு எதனைக் கூறவல்லான்? இவ்விடர்ப்பாட்டை நேர்நின்று எதிர்கொண்டதே 1976-இல் வெளிவந்த ‘போரின் முகம்’ என்னும் அவரது நூல்.

அஜின்கோர்ட் (1415), வாட்டர்லூ (1815), சோம் (1916) ஆகிய மூன்று களங்களை அந்நூல் ஆராய்கின்றது. வில்லாளரும் கவசவீரரும், குதிரைப்படையும் காலாட்படையும் எதிர்ப்பட்டபோது நிகழ்ந்தது யாது என ஒவ்வொரு மோதலையும் தனித்தனியே பிரித்துக் காண்கின்றது. காயங்களின் தன்மை, சிறைப்பட்டோர் எய்திய நிலை, வீரன் களம்விட்டு ஓடாமைக்குரிய காரணம் ஆகியன அதன் ஆய்வுப் பொருள்கள். சோம் போரின் முதல் நாளில் 19,000-க்கு மேற்பட்ட பிரித்தானிய வீரர் மாண்டனர். அவ்வெண்ணுக்குள் மறைந்த தனிமனிதனை இந்நெறி நமக்குக் காட்டுகின்றது.

பின்னர் 1993-இல் எழுதிய ‘போர்முறையின் வரலாறு’ என்னும் நூலில் கீகன் பொதுக்கொள்கை ஒன்றை நிறுவ முற்பட்டார். போர் அரசியலின் தொடர்ச்சி என்ற பிரஷ்ய அறிஞர் கிளாசவிட்ஸின் கருத்தை மறுத்து, அது பண்பாட்டின் வெளிப்பாடு என்றார். ஈஸ்டர் தீவினர், ஜூலுக்கள், மம்லூக்குகள், சாமுராய்கள் ஆகியோரைச் சான்று காட்டினார். இம்மறுப்பு முற்றும் பொருந்துவதன்று. ஒரு மக்கள் போரிடும் முறையைப் பண்பாடு வகுக்கலாம். ஆயின் இன்ன நாளில் இன்ன பகைவர்மேல் படை செல்க எனப் பணிப்பது ஆட்சியுடையோர் முடிபேயாம். வீரன் எங்ஙனம் மாண்டான் என்பதைப் பதுங்குகுழி கூறும். அவன் அங்கு ஏன் நிறுத்தப்பட்டான் என்பதை அது கூறாது.

1943-இல் சாலெர்னோ களத்தில் பொருது வீரவிருது பெற்ற மைக்கேல் ஹோவர்டு, பீட்டர் பாரெட்டுடன் இணைந்து கிளாசவிட்ஸின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டதும் அதே 1976-இல்தான். களங்கண்டவர் போரின் அரசியலை விளக்க முற்பட, களங்காணாதவர் களத்தையே விளக்க முற்பட்டார். இவ்விரு நெறிகளும் ஒன்றையொன்று நிறைவிப்பன. ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கொள்ளுதல் இயலாது. கீகனின் முதல் நூல் நிலைபெறுவதும் பின்னூல் தடுமாறுவதும் இவ்வுண்மையாலேயே எனக் கருதுகின்றோம்.