பாத்திரம் வெறுமனே திரும்பாது

2014 ஜூன் மாதம் தஞ்சாவூரிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிவந்தோம். மூன்றாவது மாடி. லாரி வந்து நின்றபோது காலை பதினொரு மணி. கடைசிப் பெட்டி மேலே வந்தபோது மாலை மூன்றரை. அடுப்பு எந்தப் பெட்டியில், டம்ளர் எந்தப் பெட்டியில் என்று ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் இரண்டும் மெத்தை மூட்டைமேல் சுருண்டு கிடந்தார்கள். அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினார்.

"ஏனுங்கம்மிணி, சாமானெல்லாம் ஏத்தியாச்சுங்களா? அரிசிம்பருப்பு வெச்சனுங்க. சூடா இருக்குது, மொதல்ல கொழந்தைங்களுக்குப் போட்டுக் குடுங்க. தூக்கு மெதுவாக் குடுத்தாப் போதுமுங்க."

ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொரு கையில் சம்படம், அதன்மேல் நான்கு பாக்குமட்டைத் தட்டுகள். தட்டு வரைக்கும் யோசித்திருக்கிறார்! அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவரும் நின்று பேசவில்லை, விடுவிடென்று இறங்கிப் போய்விட்டார்.

தூக்கைத் திறந்ததும் வந்த அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் வரவழைத்துக்கொள்ள முடியும். துவரம்பருப்பும் அரிசியும் சேர்ந்து குழைந்த சோறு. அதில் நல்லெண்ணெயில் வதங்கிய சின்ன வெங்காயம், முழுசு முழுசாய்ப் பூண்டு, சீரகம், கிள்ளிப் போட்ட வரமிளகாய். மேலே விட்ட நெய் இன்னும் உருகிக்கொண்டிருந்தது. சம்படத்தில் கட்டித் தயிர். காவிரிக்கரையில் சாம்பாரும் வத்தக்குழம்புமாய் வளர்ந்த எனக்குக் கொங்குநாட்டின் அரிசிம்பருப்புச் சாதம் அதுதான் முதல் தடவை. நாங்கள் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து, தூக்கின் அடியை விரலால் வழித்துச் சாப்பிட்டோம். இரண்டு வாய் உள்ளே போனதும் பெரியவன் எழுந்து உட்கார்ந்து, "இந்த ஊர் நல்லாருக்கும்மா" என்றான். ஒரு தூக்குச் சோறு ஓர் ஊரையே எங்களுக்குச் சொந்தமாக்கிவிட்டது!

அன்றிலிருந்து யாருக்கு என்ன கொடுப்பதென்றாலும் கடைக்குப் போக எனக்கு மனசு வருவதில்லை. சமையலறைக்குத்தான் கால் போகிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம், பிள்ளைப்பேறு, பரீட்சை, ஊர்ப்பயணம் எதுவாக இருந்தாலும் கையால் செய்ததைக் கொடுத்துப் பாருங்கள். வாங்குகிறவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். அதிலும் பலகாரத்தைவிட ஒருவேளைச் சாப்பாடு ஒருபடி மேல் என்பது என் கட்சி. பலகாரம் நாக்குக்குச் சந்தோஷம். சாப்பாடு என்பது "இன்றைக்கு நீங்கள் அடுப்படிக்குப் போகவேண்டாம், கொஞ்சம் உட்காருங்கள்" என்று ஒருவரைத் தோளில் தட்டிச் சொல்வது.

வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது நம் எல்லோர் வீட்டிலும் சொல்லி வளர்த்த பாடம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அம்மா அனுப்புவாள். அக்காவின் தூக்குக்கு ஒரு பிடி சர்க்கரை எப்படிப் போதும்? கேஸ் இணைப்பு வந்த மூன்றாம் நாள் எங்கள் ஊர்ப் பெருமையைச் செய்தேன். திருவையாற்று அசோகா!

அசோகா செய்யத் தெரியாமல் தஞ்சாவூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அல்வா என்றதும் கோதுமைப் பால் எடுத்து அரைநாள் கிண்டவேண்டும் என்று பயப்படவே வேண்டாம். பாசிப்பருப்பு 100 கிராமை வாசனை வர வறுத்துக் குக்கரில் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். வாணலியில் நெய்விட்டு, கோதுமை மாவு மூன்று மேசைக்கரண்டி போட்டு, பச்சை வாசனை போய் நிறம் மாறும்வரை வறுத்து, பருப்பு மசியலைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறுங்கள். பிறகு சர்க்கரை 250 கிராம். சர்க்கரை விழுந்ததும் எல்லாம் இளகித் தண்ணீராய்ப் போகும், மனசு தளரவேண்டாம். கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை, நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டே பத்துப் பன்னிரண்டு நிமிடம். மொத்தம் 150 கிராம் நெய் கேட்கும், கையைச் சுருக்காதீர்கள். வாணலியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் கக்கும்போது இறக்கி முந்திரி, ஏலக்காய். அவ்வளவுதான்! முக்கால் மணி நேரத்தில் ஒரு தூக்கு நிறைய ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா வாசலிலேயே ஒரு விரல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். "அட, நம்ம பாசிப்பருப்புங்களா இது!" என்றார். அந்த வியப்புக்காகவே ஆயிரம் தடவை கிண்டலாம்.

என் முழுக் காதலும் புளிக்காய்ச்சல்மேல்தான், அதை ஒளிக்கப் போவதில்லை. கொடுப்பதற்கென்றே பிறந்த பண்டம் அது. புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து அதைக் காப்பாற்றுகின்றன. தண்ணீர் சுண்டச் சுண்டக் கெடுவதற்கு அதில் இடமே இல்லாமல் போகிறது. சோறு மட்டும் வடித்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் கோயில் பிரசாதம் வீட்டுக்கு வந்துவிடும்.

100 கிராம் பழம்புளியை வெந்நீரில் ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக்கொள்வேன். புதுப்புளி நிறம் கொடுக்காது, பழம்புளிதான் வேண்டும். நல்லெண்ணெய் 150 மில்லி. வேறு எண்ணெயைத் தயவுசெய்து நினைக்கவே வேண்டாம். கடுகு, கடலைப்பருப்பு, பன்னிரண்டு வரமிளகாய், கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் போட்டுக் கரைசலை விட்டால் அடுப்படி முழுக்க ஒரு சீறல். அதன்பிறகு அவசரமே கூடாது. சிறுதீயில் முக்கால் மணி நேரம். முதலில் குழம்புபோல் கொதிக்கும். பிறகு சத்தம் மாறும். தளதளவென்றிருந்தது பொத்துப் பொத்தென்று கனத்துப் பேச ஆரம்பிக்கும். கரண்டியை இழுத்தால் வாணலியின் அடி ஒரு கணம் தெரிந்து மூடும். ஓரமெல்லாம் எண்ணெய் பிரிந்து, நிறம் கருஞ்சிவப்பாகி, பளபளவென்று மின்னும்போது, வறுத்துப் பொடித்த வெந்தயம், மல்லி, கறுப்பு எள்ளைத் தூவி, ஒரு சின்னத் துண்டு வெல்லம் போட்டு அணைப்பேன். பொடி விழுந்த அந்த நிமிடத்தின் வாசனை இருக்கிறதே! பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படியேறி வந்து நின்றிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. வேர்க்கடலையை வறுத்துத் தனிப் பொட்டலமாகக் கட்டித்தான் கொடுப்பேன், புளிக்காய்ச்சலில் போட்டு ஊறவிட மாட்டேன். சாப்பிடுகிறவருக்குக் கடலை கடுக்கென்று கடிபடவேண்டும். வெயிலில் காயவைத்த கண்ணாடிப் பாட்டில், முக்கால் பங்கு நிரப்பி மேலே விரலகலம் எண்ணெய் நிற்கும்படி விட்டு, செய்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுவேன். அதற்குக் கீழே, "ஈரக் கரண்டி கூடாது. சோறு ஆறியபின் பிசையவும். ஒரு மணி நேரம் ஊறினால் இன்னும் ருசி." வேறு வாழ்த்து எதுவும் எழுதுவதில்லை, அந்த மூன்று வரியிலேயே எல்லாம் இருக்கிறது.

என் சொந்த அக்காள் மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பினேன். பதினைந்தாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு போன். "சித்தி, மழையில நனைஞ்சு வந்தோம், ஹோட்டலெல்லாம் மூடிட்டான். நாலு பேரும் உங்க பாட்டிலத்தான் பிசைஞ்சு சாப்பிட்டோம். பாட்டில்ல வெறும் சோத்தப் போட்டுப் பிரட்டி அதையும் தின்னுட்டாங்க!" பின்னால் யாரோ, "ஆன்ட்டி, தேங்க்ஸ்!" என்று கத்தினார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். வெளிநாடு போகிறவர்களுக்கும் இதையேதான் கொடுக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: விமானத்தில் கைப்பையில் வைக்கவேண்டாம், 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இரண்டு உறை போட்டுக் கட்டிப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள்.

என் கல்யாணத்துக்கு அத்தை கொடுத்த சீர், மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951இல் முதல் பாகம் வந்த காலத்திலிருந்து எத்தனையோ வீடுகளில் புதுப்பெண்ணின் பெட்டிக்குள் போன புத்தகம் அது. என்னுடைய பிரதியில் குழம்புப் பக்கங்கள் எல்லாம் மஞ்சள் கறை. இப்போது நான் அந்தச் சீரோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்த பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அந்தப் புத்தகம், கூடவே ஒரு பாட்டில் பருப்புப்பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். புத்தகம் பார்த்துச் சமைக்கக் கை பழகும்வரை அந்த இரண்டு பாட்டில்களும் துணைக்கு நிற்கும்.

அவசரத்துக்கு மாலாடு இருக்கிறது. திடீரென்று ஒரு வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் இருபது நிமிடம் போதும். பொட்டுக்கடலை 200 கிராம், சர்க்கரை 200 கிராம், இரண்டையும் தனித்தனியே மிக்ஸியில் பொடித்துச் சலித்துக் கலந்து, நெய் 100 கிராமைப் புகையாமல் நன்றாகக் காய்ச்சி ஊற்றிச் சூட்டோடு பிடித்தால் இருபது உருண்டை வரும். நெய் சூடாக இல்லாவிட்டால் உதிர்ந்துபோகும், ரகசியம் அது ஒன்றுதான். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மட்டும் இனிப்பு எடுத்துப் போவதில்லை. சுக்கும் மிளகும் சுண்டைவற்றலும் வறுத்து அரைத்த அங்காயப் பொடியும், நிறையப் பூண்டு போட்ட குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தால் பெண்ணைப் பெற்றவள் கண்ணில் தண்ணீர் நிற்கும். அவளுக்கும்தானே ஒரு வேளை ஓய்வு வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ரம்ஜான் மாதம் எனக்கு மிகப் பிடித்த மாதம். இரண்டாம் மாடி பாய் வீட்டிலிருந்து சாயங்காலம் நோன்புக் கஞ்சி வரும். வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் மணக்கும் அந்தக் கஞ்சிக்கு ஈடே கிடையாது. டிசம்பரில் எதிர்வீட்டு டீச்சர் கல்கலும் அச்சுமுறுக்கும் கொண்டுவருவார். பொங்கலுக்கு எங்கள் தட்டு இரண்டு வீட்டுக்கும் போகும். பாத்திரங்கள் பாட்டுக்கு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

2019இல் அப்பா போனார், எங்கள் வீட்டில் வைத்துத்தான். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. காரியமெல்லாம் முடிந்து ராத்திரி ஏழு மணிக்குக் கீழ்வீட்டு அக்கா அதே தூக்கோடு வந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கொள்ளு ரசமும் குழைந்த சோறும் கொண்டுவந்திருந்தார். என் தட்டில் போட்டு, தானே பிசைந்து, "ரெண்டு வாய் சாப்புடு கண்ணு" என்றார். அதுவரைக்கும் 'வாங்க போங்க' என்றிருந்தவர் அன்றைக்குத்தான் என்னைக் 'கண்ணு' என்றார். சாப்பிட்டேன். காலையிலிருந்து வராத அழுகை அந்த இரண்டாவது வாயில் வந்தது. அந்த ரசத்தின் காரமும் சூடும் தொண்டையில் இறங்கியதை எப்படி மறப்பேன்! அப்பாவின் நினைவு நாளில் ஒவ்வொரு வருஷமும் கொள்ளு ரசம் வைக்கிறேன்.

அந்தத் தூக்கின் கழுத்தில் அக்கா பெயரின் முதலெழுத்தும் அவர் கணவர் பெயரின் முதலெழுத்தும் வெட்டியிருக்கும். கல்யாணச் சீராக வந்த பாத்திரமாம். பதினொரு வருஷமாய் இரண்டு வீட்டுச் சாம்பலும் சபீனாவும் போட்டுத் தேய்த்து எழுத்து மங்கிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் மறுபடி மேலே வந்தது. உள்ளே கச்சாயம், வெல்ல வாசனையோடு, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக. எட்டு இருந்தது. இப்போது இரண்டுதான் பாக்கி.

தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பாசிப்பருப்பு வறுத்தாயிற்று, நெய் மட்டும் கொஞ்சம் குறைகிறது. சின்னவனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.