கிரீஷ் கார்னாடின் அரசியலும் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பும்

1. கிரீஷ் கார்னாடைப் (1938–2019) பற்றிய திறனாய்வுகள் பலவும் அவரை இருவராகப் பிரித்துக் காண்கின்றன. ஒருவர் நாடகாசிரியர், மற்றவர் அரசியல் எதிர்ப்பாளர். நெருக்கடிநிலை அறிவிக்கப்பெற்ற 1975இல் பூனா திரைப்பட, தொலைக்காட்சி நிறுவன இயக்குநர் பதவியிலிருந்து அவர் விலகியதும், 2018இல் கழுத்தில் வாசக அட்டையுடன் அமர்ந்ததும் வாழ்க்கை வரலாற்றுச் செய்திகளாக நின்றுவிடுகின்றன. நாடகங்களோ தொன்மம், உத்தி என்னும் நோக்கில் ஆராயப்பெறுகின்றன. இப்பிரிவினை மொழிபெயர்ப்பாளருக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். கார்னாடின் அரசியல் அவருடைய சொற்களிலேயே நிகழ்கிறது.

2. கார்னாடின் தாய்மொழி கொங்கணி, நாடகமொழி கன்னடம். 1963 முதல் 1970 வரை சென்னையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணியாற்றிய அவர், தம் நாடகங்கள் பலவற்றைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தார். கன்னடம் அறியாதார்க்கு இவ்வடிவமே வாயில். 1882இல் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பாகத் தோன்றிய பெங்களூரு வைட்ஃபீல்டில் இன்று பல மொழியினர் வாழ்கின்றனர். அங்கு வாழும் தமிழர் ஒருவர் தம் நகரத்துக் கன்னட நாடகாசிரியரை ஆங்கிலத்தில் படித்தறிவது வியப்பன்று. ஆங்கில வடிவமும் ஆசிரியருடையதே எனில், அதனின்றே தமிழாக்கினால் இழப்பது யாது?

3. 'தலெதண்ட' (1990) இதற்கு விடை தரும். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்யாண நகரில், பசவண்ணரைப் பின்பற்றிய சரணர்களிடையே அந்தணக் குடியிற் பிறந்த பெண்ணுக்கும் செருப்புத் தைப்போர் குடியிற் பிறந்த இளைஞனுக்கும் நிகழும் மணம் குருதிப் பெருக்கில் முடிவதை இந்நாடகம் காட்டுகிறது. மண்டல் பரிந்துரையும் அயோத்திச் சிக்கலும் நாட்டைக் கலக்கிய காலத்தில் இது வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பிலும் ஆசிரியர் தலைப்பைப் பெயர்க்காமல் விட்டார் என்பது கருதத்தக்கது. தமிழருக்கோ அதன் இரு உறுப்புகளும் அறிந்தவை. தண்டனை, அபராதம், 'தண்டச் செலவு' என்பதில் உள்ள வீண் ஆகிய மூன்று பொருளும் 'தண்டம்' என்னும் சொல்லில் தமிழிலும் வாழ்கின்றன. தலையைக் கேட்பது அரசா, சமூகமா, போனது வீணா என்னும் வினாக்கள் தலைப்பிலேயே எழுகின்றன. 'தலை வெட்டும் தண்டனை' என விளக்கினால் முதற்பொருள் மட்டுமே எஞ்சும்.

எனினும் ஒப்புமை ஏமாற்றவும் செய்யும். சரணர்களின் 'காயக' என்பது உழைப்பையே வழிபாடாகக் கொள்ளும் கோட்பாடு. தமிழில் 'காயம்' உடலையும் புண்ணையுமே நினைவூட்டும். இங்குக் கன்னடச் சொல்லை இருத்தி, உரையாடலின் சூழலால் பொருள் விளங்கச் செய்தல் நன்று.

4. 2018 செப்டம்பர் 5 அன்று, கௌரி லங்கேஷின் முதலாம் நினைவு நாளில், மூக்கில் உயிர்வளிக் குழாயுடன் வந்த கார்னாட் 'மீ டூ அர்பன் நக்சல்' என்ற அட்டையை அணிந்திருந்தார். அதற்காக அவர்மீது காவல்துறையில் புகாரும் அளிக்கப்பெற்றது. பிறரைச் சுட்டப் படர்க்கையில் வழங்கிய பழிச்சொல்லை அவர் தன்மைக்கு மாற்றினார். பழி அதனால் எள்ளலாயிற்று. 'நானும் நகர்ப்புற நக்சல்' எனத் தமிழாக்கினால், 'நானும்' என்பதன் எச்சவும்மை, சில நாள் முன்னர்க் கைதான ஐவரையும் தழுவி நிற்கும். ஆனால், 'மீ டூ' இயக்கத்தின் எதிரொலி மறையும். இவ்விரண்டில் எதைக் காப்பது என்னும் தேர்வு வெறும் நடைத்தேர்வன்று.

5. கார்னாடின் நாடகங்களுள் முதலிற் கன்னடத்தில் அமைந்தவற்றைத் தமிழாக்குவோர் கன்னட வடிவையே மூலமாகக் கொண்டு, ஆங்கில வடிவை ஆசிரியர் தாமே எழுதிய உரையாகப் பயன்படுத்துதல் வேண்டும். பாவண்ணன் போன்றோர் கன்னடத்திலிருந்தே பெயர்த்து இவ்வழியைக் காட்டியுள்ளனர். அண்டை மொழியை ஆங்கிலத்தின் வழியே அடைவது எளிதாகலாம். அங்ஙனம் அடையும் கார்னாடிடம் தண்டனை இருக்கும், தண்டம் இராது.